பாலத்தைத் தாண்டாத பதினொரு மாதம்

எங்கள் தோட்டத்தில் இப்போது இலக்குகளைப் போனில் பதிய வேண்டுமாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள், வேலை பிரிப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு போனை நோண்டிக்கொண்டு நிற்கிறார்கள். இந்த மாதம் என்ன இலக்கு, எவ்வளவு முடித்தாய், ஏன் முடிக்கவில்லை என்று அது கேட்கிறது. போன் இல்லாதவர்கள் பக்கத்தில் நிற்பவரின் போனில் தங்கள் இலக்கையும் போட்டுவிடுகிறார்கள். அதனால் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் ஒருவருடைய பெயரில் மூன்று இலக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சுகப்பிரசவம்.

இதையெல்லாம் கவனிக்கும் நலன்புரி அலுவலர் ஒரு இளம் பெண். நல்ல பிள்ளை. "இந்தத் தோட்டத்துல மொதமொதல்ல இலக்க முடிச்சு சான்றிதழ் வாங்குனது சுப்பையா ஐயாதான்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது எப்படி என்று திருவிழா மலருக்கு எழுதித் தரும்படி என்னிடம் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். அந்தச் சுப்பையா நான்தான். சான்றிதழ் என்னிடம் இருப்பது உண்மை. இலக்கை முடித்தேன் என்பது உண்மையல்ல. ஓய்வு பெற்ற பிறகு பொய்க்கு ஒரு தேவையும் இல்லாததால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஆறாம் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு லொறி நின்றிருந்தது. அதில் ஏறிவிட்டேன். இரண்டு வருடம் கிளீனர் வேலை. பிறகு கினிகத்தேனையில் ஒரு பேக்கரி, கொழும்பில் வெங்காயக் கிடங்கு, புத்தளத்தில் உப்பு, வவுனியாப் பக்கம் அரிசி ஆலை. இடையிடையே தோட்டத்துக்கு வந்து கவ்வாத்து வெட்டினேன், தண்ணீர் ஓடக் கான் வெட்டினேன், கல்யாணம் செய்தேன். எந்த வேலையையும் சண்டை போட்டுக்கொண்டு விட்டதில்லை. ஒரு இடத்தில் எனக்கு வேலை நன்றாகப் பழகிவிட்டது என்று தெரிந்ததும் கால் நிற்காது, அவ்வளவுதான். ஒருமுறை மண்ணெண்ணெய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நோர்வூட்டுக்குப் போனேன். ஐந்து மாதம் கழித்து வந்தேன். மண்ணெண்ணெயோடுதான் வந்தேன்.

என் மனைவி பாக்கியம் கொழுந்து பறித்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மூன்றாவது பிள்ளை தங்கவில்லை. அது பிறந்தபோதும் நான் இல்லை, புதைத்தபோதும் இல்லை. அந்தச் செய்தி உப்பளத்துக்கு வந்து சேர்ந்தபோது அதற்குப் பழைய செய்தி என்று பெயர்.

கடைசியாக நான் போய்த் திரும்பியபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது. நான் எதிரே இருந்த தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். குடம் கொண்டுவந்த பெண்கள் என்னைச் சுற்றித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் கதவு திறந்தது.

"உள்ள வாங்க. சோறு இருக்கு."

சாப்பிட்டு முடித்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னாள்: "இன்னொரு தடவ போனீங்கன்னா, திரும்பி வாறப்ப இந்தக் கதவு தொறக்காதுங்க."

பாக்கியம் எதையும் இரண்டாம் முறை சொல்லுகிறவள் அல்ல. கத்துகிறவர்களோடு காலம் தள்ளிவிடலாம். ஒருமுறை மட்டும் மெதுவாகச் சொல்லுகிறவர்களோடு அது முடியாது. எனக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உலகத்தில் எனக்கென்று இருந்த கதவு அது ஒன்றுதான்.

அந்த வாரமே ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே எல்லாம் டீமேக்கர் ஞானப்பிரகாசம் ஐயாதான். என்னை மேல் மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தில் போட்டார். நீளமான வலைத் தொட்டிகளில் கொழுந்தை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அடியிலிருந்து காற்றாடி ஊதும். மழை நாளில் சூடான காற்று விட வேண்டும். வெயில் நாளில் விட்டால் கொழுந்து கருகும். பாதியில் ஒருமுறை கையால் கிளறி, கட்டிகளை உதறிப் புரட்ட வேண்டும். கொழுந்து வாடிவிட்டதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, கையை விரிக்க வேண்டும். உடனே விரிந்தால் பச்சை. உருண்டையாகவே இருந்தால் அதிகம். தூக்கத்திலிருந்து எழுகிற ஆளைப்போல மெதுவாக விரிய வேண்டும். காம்பை வளைத்தால் ஒடியக் கூடாது. புல் வாசம் போய்ப் பழ வாசம் வர வேண்டும்.

டீமேக்கர் ஐயா இதையெல்லாம் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொழுந்தைக் கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகு கத்துவார். சரியாக இருந்தாலும் கத்துவார். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார், அவன் கையைப் பார்ப்பார். அவர் சத்தம் உருட்டும் இயந்திரங்களின் சத்தத்தைத் தாண்டிக் கீழே பாய்லர் வரை கேட்கும். அளக்க முடியாத எதன் மீதும் அவருக்கு மரியாதை கிடையாது.

நான் சேர்ந்து சில மாதத்தில் கொழும்பிலிருந்து கம்பனி அனுப்பிய, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு இளைஞர் வந்தார். ஆளுக்கொரு அட்டை கொடுத்து, எல்லோரும் அதில் சொந்த வாழ்க்கைக்கு ஒரு இலக்கு எழுத வேண்டும் என்றார். ஒரு வருடக் கெடு. இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவர் சிங்களத்தில் சொன்னதைக் கிளாக்கர் தமிழில் சொன்னார். அன்று மதியத்துக்குள் அவருக்கு 'இலக்கு மாத்தயா', அதாவது இலக்கு ஐயா, என்று பெயர் வந்துவிட்டது. கடைசிவரை அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

அளக்கக்கூடியது என்ற சொல் டீமேக்கர் ஐயாவைப் பிடித்துக்கொண்டது. முப்பத்துநான்கு பேருடைய அட்டைகளையும் வாங்கி, தேயிலைத் தூள் தரம் பிரிக்கும் மேசையில் பரப்பினார். சல்லடையில் தூள் பிரிப்பதுபோலவே பிரித்தார்.

"நல்லவனாக இருப்பேன். இது யாரு எழுதுனது? தூசி!" அட்டை கீழே விழுந்தது. "மாமியாரோட மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல சண்டை போடமாட்டேன். இது பரவால்ல, ரெண்டாந்தரம். ஒரு தடவ கடலைப் பாப்பேன். இது யாரு?"

"நான்தாங்க ஐயா" என்றாள் தூள் சலிக்கும் காளியம்மா. எங்கள் பக்கத்துக் காம்பராக்காரி.

"மொதத்தரம்! பாத்தா பாத்தது, பாக்காட்டி பாக்கல." பிறகு என் கையைப் பார்த்தார். "உன்னோடது வெறும் அட்டையா இருக்கு. உனக்கு என்ன கொறை?"

"காலுதாங்க ஐயா."

"வலியா?"

"வலி இல்லீங்க. நிக்காது."

பாய்லர் முத்துலிங்கம் பின்னாலிருந்து விளக்கினான்: "பஸ் சத்தம் கேட்டா அவன் காலு தானா ஏறிரும்ங்க ஐயா. அவன் பொறவுதான் போவான்."

"பஸ் எங்க வரும்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்ங்க."

"அப்ப ஓடிப்போக மாட்டேன்னு எழுதாத. அத எதை வச்சு அளக்கிறது? ஒரு வருசத்துக்குப் பாலத்தத் தாண்டமாட்டேன்னு எழுது."

எழுதினேன். லயங்கள், ஸ்டோர், கோயில், கடை எல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் பெரிய ரோடும் மற்ற உலகமும். டீமேக்கர் ஐயா தனக்கும் ஒரு அட்டை எழுதினார். ஒரு வருடத்துக்குச் சத்தம் போடமாட்டேன். அன்றிலிருந்து அவர் திட்டுகளையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். மேல் மாடிக்கு ஏறி வருவார், கொழுந்தைக் கன்னத்தில் வைப்பார், பையிலிருந்து பென்சிலை எடுப்பார், 'கழுதை' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சீட்டை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் வாசித்துக் காட்டுவேன். இப்படி எனக்கு வர வேண்டிய திட்டைவிட அதிகமாகவே நான் வாங்கினேன்.

தவறு நடந்தது அட்டைகளை ஒட்டிய இடத்தில். தினமும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டச் சொல்லியிருந்தார் இலக்கு மாத்தயா. ஸ்டோரில் அப்படி ஒரு இடம்தான் உண்டு. ரோதைமுனியின் மாடம். ரோதை என்றால் இயந்திரச் சக்கரம். சக்கரங்களைக் காக்கும் சாமி அவர். உருட்டும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு சூலமும் விளக்குமாக இருப்பார். அவருக்கு விளக்கு வைக்காமல் எங்கள் ஸ்டோரில் எந்தச் சக்கரமும் சுற்றாது. அட்டைகளை அங்கே ஒட்டினார்கள். பாய்லர் முத்துலிங்கம்தான் அந்த மாடத்துக்குப் பூசாரியும். சாமி முன்னால் வந்த பொருளைச் சும்மா விட அவனுக்கு மனம் வரவில்லை. தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, முப்பத்துநான்கு பேருக்கும் கையில் காப்புக் கட்டினான். டீமேக்கர் ஐயாவுக்கும் கட்டினான். மதியம் சங்கு ஊதுவதற்குள் கம்பனியின் முப்பத்தைந்து இலக்குகளும் சாமிக்கு வைத்த நேர்த்திக்கடன்களாகிவிட்டன. இலக்கு மாத்தயா மகிழ்ச்சியோடு படம் எடுத்துக்கொண்டு போனார்.

பாக்கியம் என் கையைப் பார்த்தாள்.

"யாருக்கு நேந்தீங்க?"

"ரோதைமுனிக்கு."

"என்னன்னு?"

சொன்னேன். அடுப்பிலிருந்து விறகை இழுத்து அணைத்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கும் என் துணிப்பையை எடுத்தாள். உள்ளே இருந்த சட்டை, சாரம், போர்வையை வெளியே எடுத்துத் தன் துணிகளோடு பெட்டியில் அடுக்கினாள். முப்பது வருடத்தில் அந்தப் பை காலியாக இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

மூன்று மாதம் கழித்து இலக்கு மாத்தயா மீளாய்வுக்கு வந்தார். காளியம்மாவுக்குக் கடலுக்குப் போக லீவு கிடைக்கவில்லை. இலக்கைக் கொஞ்சம் திருத்திவிடலாம், கடல் என்பதைக் காசல்ரீ நீர்த்தேக்கம் என்று மாற்றலாம், அதுவும் பெரிய தண்ணீர்தானே என்றார். முத்துலிங்கம் மறித்துவிட்டான்.

"சாமிகிட்ட கடல்னு சொல்லியாச்சுங்க சார். இப்பப் போயி டேம காட்டுனா அவருக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அப்போ எப்படி மாற்றுவது?" கிளாக்கர் வழியாகக் கேட்டார்.

"கெடா வெட்டணும்."

இலக்கு மாத்தயா நேர்மையான ஆள். திருத்தத்துக்கான நிபந்தனை என்ற இடத்தில் ஆட்டுக் கிடா என்று எழுதி அனுப்பினார். அந்த ஆடு எந்தப் பிரிவில் வேலை செய்கிறது என்று கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அதோடு மீளாய்வு நின்றது.

என் பாடு பாலத்தோடு. தாண்டுவது என்றால் எந்த இடத்தில் தாண்டுவது என்று பெரட்டில் ஒரு வாரம் தகராறு. பாலத்தில் கால் வைத்தாலே தாண்டியதுதான் என்றார்கள் சிலர். மறு கரை மண்ணை மிதித்தால்தான் என்றார்கள் சிலர். டீமேக்கர் ஐயா அளவுநாடாவோடு போனார், பாலத்தை அளந்தார், நட்ட நடுவில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். அதற்குப் பிறகு என் வாழ்க்கை அந்தக் கோடு வரை இருந்தது. மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது குத்தும் விசேஷம் டிக்கோயாவில் வைத்திருந்தார்கள். தாத்தா வர முடியாது என்றதும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டார் பாலத்துக்கு வந்தார்கள். ஆசாரி கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டேன். காது மட்டும் அந்தப் பக்கம் நீண்டது.

இப்படிப் பத்து மாதம் முழுசாகப் போயிற்று. எனக்கே ஆச்சரியம். பஸ் சத்தம் கேட்டால் கால் எழும், கோடு வரை நடக்கும், திரும்பிவிடும். ஊரில் எனக்கு மதிப்பு வந்தது. தங்கள் பிள்ளைகளிடம் என்னைக் காட்டிப் பேசினார்கள்.

பதினோராம் மாதம், மழை நேரத்தில், பாக்கியம் மலைச்சரிவில் கொழுந்துச் சாக்கோடு வழுக்கி விழுந்தாள். இடது கை முழங்கைக்கு மேலே ஒடிந்துவிட்டது. கொழுந்து லொறியிலேயே டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். எனக்குச் செய்தி வந்து நான் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தபோது லொறி பாலத்தின் மேல் வந்துவிட்டது. டிரைவர் எனக்காக நிறுத்தினான், சரியாகக் கோட்டின் மேல். பாக்கியம் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையைச் சேலையால் கட்டியிருந்தார்கள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"ஏறுங்க மாமா" என்றான் டிரைவர்.

நான் ஒரு காலைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தேன்.

"வராதீங்க" என்றாள் பாக்கியம். "சாமிகிட்ட வச்சது. நான் பாத்துக்கிறேன். நீங்க வராதீங்க."

அவள் ஒன்றை ஒருமுறைதான் சொல்லுவாள் என்று எழுதியிருக்கிறேன். இதை இரண்டு முறை சொன்னாள். அதைக் கவனிக்காதது என் பிழை. காலை இறக்கினேன். லொறி போய்விட்டது.

கைக்குத் தகடு வைத்துத் தைத்தார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தினமும் காலையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் செய்து, பொட்டலம் கட்டிக்கொண்டு கோட்டுக்குப் போவேன். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொண்டு போவான். மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து தகவல் சொல்லுவாள். நான் ஏதோ பெரிய காரியம் செய்கிறேன் என்று நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தும் கோட்டைத் தாண்டாத மனிதன் என்று அடுத்த தோட்டத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

டீமேக்கர் ஐயா மட்டும் மூன்றாம் நாள் ஒரு சீட்டுக் கொடுத்தார். 'ஆஸ்பத்திரிக்குப் போ.'

"சாமிகிட்ட வச்சதுங்க ஐயா."

அவர் என் கையைப் பார்த்தார். இன்னொரு சீட்டு எழுதினார். 'அந்தச் சாமிக்குப் பெண்டாட்டி உண்டா என்று பூசாரியிடம் கேள்.'

முத்துலிங்கத்திடம் கேட்டேன். கரியள்ளும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "தனிக்கட்டதான் மச்சான். அவருக்கு ஸ்டோர விட்டா வேற ஒண்ணும் தெரியாது."

"அப்ப அவருகிட்ட கேட்டுப் பிரயோசனம் இல்ல?"

"இல்ல. சக்கரத்தப் பத்தின்னா கேக்கலாம்."

ஒன்பதாம் நாள் அவளைக் கூட்டி வந்தார்கள். நான் குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி, கோட்டருகே நின்றேன். அவள் லொறியிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கமே இறங்கி நடந்து வந்தாள். கோட்டைத் தாண்டினாள், என்னையும் தாண்டினாள், நிற்காமல் நடந்தாள். லயத்துக்குப் போய்க் காம்பராவுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். நான் வெளியே இருந்தேன்.

"பாக்கியம். நான் தாண்டலயே."

"தெரியும்." கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"நீதான வராதீங்கன்னு சொன்ன?"

"நான் சொல்லுவேன். கை ஒடஞ்சவ என்ன வேணும்னாலும் சொல்லுவா."

காளியம்மா தன் காம்பரா வாசலில் வந்து நின்றுகொண்டாள். பீலியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு சிங்கள அக்கா" என்றாள் பாக்கியம். "ஒங்க வீட்டுக்காரரு எங்கன்னு கேட்டாங்க. பாலத்துக்கு அங்கிட்டு நிக்கிறாருன்னு சொன்னேன். பாலம் ஒடஞ்சிருச்சான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அவரு காலு ஒடஞ்சிருச்சான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அப்ப என்னதான் ஒடஞ்சிருக்குன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலங்க."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் எங்கும் போகாமலே என் கதவு சாத்திக்கொண்டது.

அன்று ஸ்டோரின் மேல் மாடியில், காலித் தொட்டி ஒன்றில் படுத்துக்கொண்டேன். காலையில் எழுந்து ரொட்டி சுட்டேன், முத்துலிங்கத்தின் பாய்லர் நெருப்பில்தான். சம்பல் இடித்தேன். பொட்டலம் கட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். கோட்டைத் தாண்டினேன். அந்த இடத்தில் ஏதாவது தோன்றும் என்று பதினொரு மாதம் நினைத்திருந்தேன். பெயின்ட் கொஞ்சம் வழுக்கியது. வேறொன்றும் இல்லை.

பஸ்ஸில் கண்டக்டர் பொட்டலத்துக்குக் கையை நீட்டினான். பிறகு விழித்தான். "அண்ணே, நேத்துதானே அக்காவத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க? இப்ப யாரப் பாக்கப் போறீங்க?"

"போக வேண்டியது ஒன்பது நாள் பாக்கி இருக்கு" என்றேன்.

அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னைவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனேன். பாக்கியத்தின் கட்டில் காலியாக இருந்தது, புது விரிப்பு விரித்திருந்தார்கள். அதற்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அடுத்த கட்டிலில் இருந்த சிங்களப் பெண்ணுக்கு என் வயது இருக்கும். காலில் மாவுக்கட்டு. கினிகத்தேனையில் ரோட்டோரம் சோளம் அவித்து விற்பவராம், பெயர் சோமாவதி. என்னையும் காலிக் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பாலமே மாத்தயாத?" என்றார். பாலத்து ஐயாவா என்று கேட்கிறார்.

"ஓவ்" என்றேன். ஆமாம்.

அவர் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு ஆடியது. வலியில் கத்திவிட்டு மறுபடி சிரித்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இப்ப வந்து என்ன செய்ய? கட்டில்தானே இருக்கு." நான் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று பாக்கியம் மகளிடம் சொல்லியிருந்தாள். சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "மிரிஸ் வெடி" என்றார். உறைப்பு அதிகம். ஆனால் முழுவதையும் சாப்பிட்டார். மணி அடிக்கும் வரை நான் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். இதை எந்த அட்டையிலும் எழுதவில்லை. ஒன்பது நாள் என்பது அளக்கக்கூடியது, அது போதும். ஊரில் என் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது. மூன்றாம் நாள் உருட்டும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. நான் தாண்டியதால்தான் என்றார்கள். அந்த பெல்ட் மாதம் ஒருமுறை அறுகிறது. முத்துலிங்கம் சாமிக்கு ஒரு சேவல் தர வேண்டும் என்று எனக்குத் தண்டம் போட்டான். டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார். வாசிக்கலாம் என்று பிரித்தால் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் எனக்குக் கொடுத்ததிலேயே திட்டு இல்லாத சீட்டு அது ஒன்றுதான்.

சான்றிதழ் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருட முடிவில் இலக்கு மாத்தயா வந்தபோது நான் தாண்டிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். மீதி நாளெல்லாம் தாண்டவில்லையே, முக்கால்வாசிக்கு மேல் என்றால் நிறைவேறியது என்றுதான் படிவத்தில் இருக்கிறது என்றார். அதோடு பெயர் ஏற்கனவே அச்சாகிவிட்டது. கொழும்புக்கு வந்து மேடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். பாலத்தைத் தாண்டாததற்குப் பரிசு வாங்கப் பாலத்தைத் தாண்டி வர வேண்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் தபாலில் அனுப்பினார்.

காலிக் கட்டிலைப் பார்க்கப் போன ஏழாம் நாள் காலை. பொட்டலத்தோடு லயத்து வழியாகப் பாலத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். தினமும் அந்த வழியாகத்தான் போவேன், கதவைப் பார்க்க மாட்டேன். காளியம்மாவின் குரல் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரத்துச் சொன்னாள்.

"பாக்கியம், ஒன் வீட்டுக்காரரு டிக்கோயாவுல ஒரு பொம்பளைக்குத் தெனமும் ரொட்டி கொண்டு போறாராம். கண்டக்டரே சொன்னான்."

கதவு திறந்தது. பாக்கியம் வெளியே வந்தாள். ஒரு கை கழுத்தில் தொங்கும் துணியில் இருந்தது. சேலையை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். மறு கையில் ஒரு தூக்குச்சட்டி.

"சோமாவதி அக்காவுக்கு உறைப்பு ஆகாதுங்க" என்றாள். "ஆறு நாளா அந்தச் சம்பலக் கொண்டுபோயி அவங்கள என்ன பாடு படுத்துறீங்க?"

"ஒண்ணும் சொல்லலயே அவங்க. முழுசும் சாப்பிட்டாங்க."

"சாப்பிடுவாங்க. வந்த மனுசன்கிட்ட என்ன சொல்றது?"

தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டினாள். மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஒற்றைக் கையால் எப்படிச் சமைத்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கேட்க விடவில்லை.

"இன்னும் எத்தன நாளு?"

"மூணு."

"நானும் வாறேன்."

கதவை இழுத்துச் சாத்தினாள். ஒரு கையால் பூட்டை மாட்ட முடியவில்லை. நான் மாட்டினேன், அவள் சாவியைத் திருப்பினாள். பிறகு அந்தச் சாவியைத் தன் முந்தானையில் முடியாமல், என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, எனக்கு முன்னால் பாலத்தைப் பார்த்து நடந்தாள்.